மனச்சோர்வு, பைபோலார்: "நல்லாயிட்டாங்க" என்ற பிறகு வரும் வருடங்களை எப்படிக் கணிப்பது?

தாழ்வாரம் கேட்டது:

நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதம் ஒரு கூட்டம் நடத்தும் குழுவில் பேசும் பொறுப்பு எனக்கு. மனச்சோர்வு என்றால் என்ன, பைபோலார் (மனநிலை மேனியா என்ற உச்சத்துக்கும் மனச்சோர்வு என்ற பள்ளத்துக்கும் மாறும் நோய்) என்றால் என்ன, மாத்திரை எதற்கு என்பது வரை சிக்கலில்லாமல் போகிறது. அதன்பின் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இப்பதான் நல்லாயிட்டாளே, இனிமே வராதுல்ல? மாத்திரையை எப்ப நிறுத்தலாம்?"

இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, "ஆறு மாசம் போட்டா போதும்." மற்றது, "ஆயுசுக்கும் போடணும்." எத்தனையாவது முறை, எந்த வகை என்று கேட்காமலே இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள். முதல் பதிலை நம்பியவர்கள் நோய் திரும்பும்போது உடைந்துபோகிறார்கள். இரண்டாவதைக் கேட்டவர்கள் பயந்துபோய் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்குத் தெளிய வேண்டியவை இவை. பத்து, இருபது வருடக் கணக்கில் பார்த்தால் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொரு முறை வந்த பிறகும் இடைவெளி குறைந்துகொண்டே போகும் என்கிறார்களே, அது உண்மையா? மாத்திரையை விட்டபின் வரும் தொல்லை நோயா, மருந்து விட்டதன் விளைவா, எப்படிப் பிரித்தறிவது? வீட்டில் இருப்பவர்கள் எதைக் குறித்து வைத்தால் மருத்துவருக்கு உண்மையில் உபயோகப்படும்? எண்கள் இருந்தால் எண்களோடு சொல்லுங்கள்.

---

கிளைநதி எழுதியது:

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அறிகுறிகள் அடங்கியிருப்பது வேறு, நோயிலிருந்து மீண்டிருப்பது வேறு. அடங்கிச் சில வாரம்தான் ஆகிறது என்றால் அந்த எபிசோட் (நோய் ஒருமுறை வந்து நீடிக்கும் காலம்) உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், மருந்து அதை அமுக்கி வைத்திருக்கலாம். அப்போது மருந்தை எடுத்துவிட்டால் திரும்புவது அதே பழைய எபிசோட்தான். பல மாதங்கள் முழுதாக நன்றாக இருந்தபின் வருவது புது எபிசோட். மனச்சோர்வு அடங்கிய பின்னும் 6 முதல் 9 மாதம் அதே டோஸில் தொடரச் சொல்வது அந்த முதல் வகையைத் தடுக்க. "ஆறு மாசம்" என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் எண்ணத் தொடங்க வேண்டியது மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து அல்ல, நன்றாக ஆன நாளிலிருந்து. வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இந்தக் கணக்கில்தான். குணமாக நாலு மாதம் எடுத்திருக்கும், ஐந்தாவது மாதம் நன்றாக இருப்பார், ஆறாவது மாதம் நிறுத்திவிடுவார்கள். உண்மையில் அவர் இரண்டு மாதம்தான் தொடர்ந்திருக்கிறார்.

இனி எண்கள். அமெரிக்காவில் 1978இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, ஐந்து பல்கலைக்கழக மையங்களில் சிகிச்சைக்கு வந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மனச்சோர்வு எபிசோடில் வந்தவர்களில் பாதிப் பேர் 6 மாதத்துக்குள் மீண்டார்கள். 12 சதவீதம் பேர் 5 ஆண்டு ஆகியும் மீளவில்லை. மீண்டவர்களில் 15 ஆண்டுகளுக்குள் மறுபடி வந்தவர்கள் 85 சதவீதம். தொடர்ந்து 5 ஆண்டு நன்றாக இருந்தவர்களிலும் 58 சதவீதம் பேருக்குப் பின்னால் வந்தது.

இந்த 85ஐ அப்படியே கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். பெரிய மருத்துவ மையங்களை எட்டிய, நோய் கடுமையானவர்களின் எண் அது. பொதுமக்களை வீடு வீடாகச் சென்று எடுத்த பால்டிமோர் கணக்கெடுப்பில், முதல்முறை மனச்சோர்வு வந்தவர்களை 23 ஆண்டுகள் பார்த்தபோது சுமார் பாதிப் பேருக்குப் பிறகு வரவே இல்லை. 35 சதவீதம் பேருக்குத் திரும்பியது, 15 சதவீதம் பேருக்கு முழுதாக விடவே இல்லை. யாரை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. எந்தக் குடும்பம் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். முதல் முறை, வெளிநோயாளியாகவே சரியானவர் என்றால் பால்டிமோர் எண். மூன்றாவது முறை உள்நோயாளியாகச் சேர்ந்து திரும்பியவர் என்றால் அந்த மற்ற எண்ணுக்குப் பக்கத்தில்.

ஆனால் எண்ணிக்கையை விடவும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: "நல்லாயிட்டாங்க" என்றால் எவ்வளவு நன்றாக? 1978இல் தொடங்கிய அந்த ஆய்வில் முழுதும் அறிகுறி நீங்கியவர்களையும், மிச்சம் மீதி வைத்துக்கொண்டு மீண்டவர்களையும் பிரித்துப் பார்த்தார்கள். முழுதும் நீங்கியவர்களில் பாதிப் பேர் மறுபடி விழ 231 வாரம் ஆனது. மிச்சம் இருந்தவர்களுக்கு 68 வாரம்தான். நாலரை வருடத்துக்கும் ஒன்றேகால் வருடத்துக்கும் உள்ள தூரம் இது. முன்பு எத்தனை முறை வந்தது என்ற கணக்கைவிட இது கூர்மையாகப் பிரித்துக் காட்டியது.

மிச்சம் என்பது கண்ணில் படாது. வேலைக்குப் போவார், சாப்பிடுவார், கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஆனால் விடியுமுன் நாலு மணிக்கு விழிப்பு வந்து அப்படியே கிடப்பார். போன் அடிக்கும், பெயரைப் பார்ப்பார், எடுக்க மாட்டார், பிறகு கூப்பிடவும் மாட்டார். முன்பு பதினைந்து நிமிடத்தில் முடித்த கணக்கை மூன்று முறை சரிபார்ப்பார். குளிப்பதைத் தள்ளிப்போடுவார். வீட்டார் இதை "கொஞ்சம் டல்லா இருக்கான், சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். எஞ்சியிருக்கும் இந்தக் கொஞ்சத்தை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால் டோஸை உயர்த்தலாம், மருந்தை மாற்றலாம், பேச்சு சிகிச்சை சேர்க்கலாம். மனச்சோர்வை அளக்கும், ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவத்தில் மொத்தம் 27 மதிப்பெண். 5க்குக் கீழே வந்தால்தான் அடங்கியதாகக் கொள்கிறோம். 18லிருந்து 8க்கு வந்தவரைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியதுதான், சிகிச்சையை அங்கே நிறுத்திவிடக் கூடாது.

இடைவெளி குறையுமா என்பதில் எச்சரிக்கையாக இருங்கள். ஜெர்மன் மனநல மருத்துவர் கிரெப்பலின் காலத்திலிருந்து சொல்லி வருவது அது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் எலியட் ஸ்லேட்டர் 1938லேயே அதில் உள்ள கணக்குப் பிழையைக் காட்டினார். ஆறாவது, ஏழாவது எபிசோட் வரை போகிறவர்கள் யார்? இயல்பிலேயே அடிக்கடி வரும் வகையினர். ஒருமுறை, இருமுறையோடு நின்றவர்கள் அந்தப் பட்டியலின் பின்பகுதியில் இருக்கவே மாட்டார்கள். எல்லோரையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் இடைவெளி சுருங்குவது போலத்தான் தெரியும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சுருங்காமல் இருந்தாலும். இந்தப் பிழையைச் சரிசெய்து பார்த்த பிற்கால ஆய்வுகளிலும் எபிசோட் கூடக் கூட ஆபத்து ஓரளவு கூடத்தான் செய்கிறது. மனச்சோர்வில் ஒவ்வொரு மறுவருகையும் அடுத்ததன் வாய்ப்பை சுமார் 16 சதவீதம் உயர்த்துகிறது என்று ஒரு கணக்கு. கூடுகிறது, ஆனால் உருண்டு இறங்கும் பாறை போல அல்ல. "ஒவ்வொரு தடவையும் மூளை கெட்டுக்கிட்டே போகும்" என்று குடும்பத்தைப் பயமுறுத்த இது போதாது.

---

இருகரை எழுதியது:

கிளைநதி மனச்சோர்வைச் சொல்லிவிட்டார், பைபோலார் பக்கத்தை நான் எடுக்கிறேன். இங்கே நிறுத்துவதைப் பற்றிய பேச்சே வேறு.

சூரிச்சில் மனநல மருத்துவர் ஜூல்ஸ் ஆங்ஸ்ட் 1959 முதல் 1963 வரை மருத்துவமனையில் சேர்ந்த 406 பேரை முதுமை வரை பின்தொடர்ந்தார். மனச்சோர்வு மட்டும் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 0.2 எபிசோட், பைபோலார் உள்ளவர்களுக்கு 0.4. அதாவது சராசரியாக ஐந்து வருடத்துக்கு ஒன்று, இரண்டரை வருடத்துக்கு ஒன்று. அதைவிடக் கவனிக்க வேண்டியது, எழுபது வயதைத் தாண்டியும் இந்த வேகம் தணியவில்லை. வயதானால் தானே அடங்கிவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

குடும்பம் பைபோலாரை நினைவில் வைத்திருப்பது மேனியாவை வைத்து: இரவு முழுக்கப் பேசியது, கடன் வாங்கியது, சண்டை போட்டது. ஆனால் காலத்தை அளந்தால் படம் தலைகீழ். முதல் வகைப் பைபோலாரில் (முழு மேனியா வருவது) சுமார் 13 ஆண்டு வாரா வாரம் குறித்துப் பார்த்ததில், ஏதோ ஓர் அறிகுறி இருந்த வாரங்கள் 47 சதவீதம். மனச்சோர்வில் 32, மேனியா அல்லது ஹைப்போமேனியாவில் (மேனியாவின் லேசான வடிவம்) 9, இரண்டும் கலந்தோ மாறி மாறியோ 6. ஹைப்போமேனியா மட்டும் வரும் இரண்டாம் வகையில் மனச்சோர்வு வாரங்கள் மட்டுமே 50 சதவீதம், ஹைப்போமேனியா 1 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டாம் வகையை "லேசான பைபோலார்" என்று சொல்வதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். உச்சம்தான் லேசு, பள்ளம் லேசில்லை.

இதனால்தான் நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. பெரும்பாலானோர் பள்ளத்தில் இருக்கும்போது வருகிறார்கள், மனச்சோர்வு என்று எழுதப்படுகிறது. முதல் அறிகுறியிலிருந்து சரியான சிகிச்சை வரை சராசரியாக ஆறு ஆண்டு போகிறது. உள்நோயாளியாகச் சேர்ந்த மனச்சோர்வுக்காரர்களில் ஆண்டுக்கு 1 சதவீதம் பேர் முதல் வகைப் பைபோலாராகவும், 0.5 சதவீதம் பேர் இரண்டாம் வகையாகவும் மாறிக்கொண்டே இருப்பதாக அதே சூரிச் குழு காட்டியது. இருபதாவது வருடத்திலும் மாறலாம். ஆகவே மனச்சோர்வுக்காரரின் குடும்பத்திடமும் இந்தக் கேள்வியை வருடம் ஒருமுறையாவது கேட்க வேண்டும்: "வழக்கத்தைவிடக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், நாலு நாளுக்கு மேல் துறுதுறுவென்று இருந்தது உண்டா?" இதை நோயாளியிடம் மட்டும் கேட்டால் பதில் வராது. அந்த நாட்கள் அவருக்கு நோயாகவே தோன்றாது, தன் வாழ்க்கையின் நல்ல நாட்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

முன்பு மேனியா வந்த ஒருவருக்கு மூட் ஸ்டெபிலைசர் (மனநிலையைச் சீராக வைக்கும் மருந்து) இல்லாமல் ஆன்டிடிப்ரஸன்ட் (மனச்சோர்வு மருந்து) மட்டும் போகும்போது மேனியாவுக்குக் கவிழும் ஆபத்து உண்டு. சிலருக்குச் சுழற்சி வேகமாகும். ஒரு வருடத்தில் நாலு அல்லது அதற்கு மேல் எபிசோட் வந்தால் வேகச் சுழற்சி என்கிறோம். அது நிரந்தர முத்திரை அல்ல, பலருக்கு ஓரிரு வருடத்தில் தணிகிறது. அப்போது முதலில் பார்க்க வேண்டியவை தைராய்டு அளவு, ஆன்டிடிப்ரஸன்ட் ஓடுகிறதா, குடி அல்லது வேறு போதை உண்டா என்பவை.

இன்னொன்று. ஐம்பது வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதல்முறையாக மேனியா வந்தால் உடனே பைபோலார் என்று முடிவு கட்டக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை, தைராய்டு, பக்கவாதம், மூளையில் வேறு கோளாறு எல்லாம் பார்த்துவிட்டுத்தான்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆன்டிடிப்ரஸன்ட் விட்டபின் வருவது எது?

நாளைப் பாருங்கள். மருந்து விட்ட விளைவு சில நாட்களுக்குள் தொடங்கும். பராக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றில் ஒன்றிரண்டு நாளிலேயே வரும். ஃப்ளுவாக்ஸிடின் உடம்பில் வாரக்கணக்கில் தங்குவதால் தாமதமாகவும் மெதுவாகவும் வரும். தலைசுற்றல், குமட்டல், கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் சுண்டுவது போன்ற உணர்வு, தத்ரூபமான கனவுகள், காரணமில்லாத எரிச்சல். இவை முதலில் நோய் வந்தபோது இருந்தவை அல்ல. பழைய டோஸைத் திரும்பக் கொடுத்தால் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கும். நோய் திரும்புவது அப்படி இல்லை, வாரக்கணக்கில் மெல்ல ஏறும். முதல்முறை எந்த வரிசையில் வந்ததோ பெரும்பாலும் அதே வரிசை: முதலில் தூக்கம், பிறகு ஆர்வம், பிறகு குற்ற உணர்வு. மருந்தைத் திரும்பத் தொடங்கினாலும் வேலை செய்ய வாரங்கள் ஆகும்.

குறைக்கும் விதத்தில் பெரும்பாலோர் சறுக்குவது கடைசிப் படியில். மாத்திரையைப் பாதி, அதில் பாதி, பிறகு பூஜ்யம் என்று போகிறார்கள். மருந்தின் அளவும் மூளையில் அது செய்யும் வேலையும் நேர்கோட்டில் இல்லை. சிட்டலோபிராம் என்ற ஆன்டிடிப்ரஸன்ட் 20 மி.கி. மூளையில் அது வேலை செய்யும் இடமான செரட்டோனின் கடத்திகளில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்து வைக்கிறது. 9 மி.கி. ஆனாலும் 70 சதவீதம், 3.5 மி.கி. அளவில்கூட 50 சதவீதம் பிடித்திருக்கும். அதாவது 20லிருந்து 10க்கு இறங்குவது சின்னப் படி, 5லிருந்து பூஜ்யத்துக்குக் குதிப்பது கிணற்றில் குதிப்பது. ஆகவே கீழே வர வர படிகள் சிறியதாக வேண்டும். திரவ வடிவில் கிடைக்கும் மருந்துகளில் இது எளிது. ஒன்றுவிட்டு ஒருநாள் மாத்திரை போடுவது குறைப்பதே அல்ல, அளவு ஏறி இறங்கித் தொல்லை கூடும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2021இல் வந்த ஆன்ட்லர் சோதனை நல்ல அளவுகோல். குறைந்தது 9 மாதம் மருந்து எடுத்து, நிறுத்தலாம் என்று நினைக்கும் அளவுக்கு நன்றாக இருந்த 478 பேர். ஒரு வருடத்தில், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் திரும்பியது. இரண்டு பக்கமும் படியுங்கள். மருந்து காக்கிறது, முழுதாகக் காக்கவில்லை. நிறுத்தியவர்களிலும் 44 சதவீதம் பேருக்குத் திரும்பவில்லை. முடிவு நோயாளியுடையது, ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டு எடுத்த முடிவாக இருக்கட்டும்.

பைபோலாருக்குக் கொடுக்கும் மூட் ஸ்டெபிலைசரான லித்தியம் தனிக் கதை. நீண்டகாலப் பாதுகாப்பில் அதற்கு ஈடு இன்னும் வரவில்லை. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதற்கு வலுவான சான்று உள்ளதும் அதற்குத்தான். ஆனால் அளவு தவறினால் கெடுதல். பராமரிப்புக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல். முன்பு லித்தியத்தில் இருந்தபடியே விழுந்தவர்களுக்கு மருத்துவர் 1.0 வரை வைக்கலாம். ரத்தம் எடுப்பது கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து. டோஸ் மாற்றினால் ஒரு வாரம் கழித்து. நிலைத்தபின் முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் 6 மாதத்துக்கு ஒருமுறை.

ரிப்போர்ட்டில் திடீரென்று 1.3, 1.5 என்று வந்து ஆள் சாதாரணமாக இருந்தால் பதறுமுன் இரண்டு கேள்வி. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுக்கப் போனாரா? எந்தக் குழாயில் எடுத்தார்கள்? பச்சை மூடிக் குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவியிருப்பது உண்டு. அதில் எடுத்தால் குழாயின் லித்தியமும் சேர்ந்து அளவில் ஏறிவிடும். வேறு குழாயில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் கை பெரிதாக நடுங்குகிறது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அளவு ஏறக் காரணம் பெரும்பாலும் மூன்று: உடம்பில் நீரும் உப்பும் குறைவது (காய்ச்சல், பேதி, திடீரென்று உப்பில்லாச் சாப்பாடு), ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், தயாசைடு வகை நீர் மாத்திரையும் பெயர் 'பிரில்' என்று முடியும் ரத்த அழுத்த மாத்திரைகளும். வலிக்கு பாராசிட்டமால் போதும். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியம் "லித்தியம் எடுக்கிறேன்" என்பதாக இருக்கட்டும்.

பைபோலாருக்கான மற்ற மருந்துகள் சுருக்கமாக. லாமோட்ரிஜின் 25 மி.கி. இரண்டு வாரம், 50 இரண்டு வாரம், பிறகு 100, பிறகு 200. வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் இதில் பாதி. அவசரப்பட்டு ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்விளைவு வரக்கூடும். ஐந்தாறு நாள் தொடர்ந்து விட்டுவிட்டால் பழைய டோஸில் ஆரம்பிக்கக் கூடாது, மருத்துவரைக் கேட்டு 25லிருந்து. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் தவிர்க்க வேண்டியது: கருவில் உறுப்புக் குறைபாடு பத்தில் ஒன்று, வளர்ச்சிக் குறைபாடு பத்தில் மூன்று நான்கு.

---

தாழ்வாரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. குழாய் விஷயம் நான் கேள்விப்படாதது. ஒரு துணைக் கேள்வி: "லித்தியம் கிட்னியைக் கெடுத்துடும்" என்று கேட்டுவிட்டு நன்றாக இருக்கும்போதே நிறுத்துகிறவர்கள் நிறைய. அவர்களிடம் என்ன சொல்வது?

---

மருந்துச்சீட்டு எழுதியது:

பயம் பொய்யல்ல, அளவு தவறானது. பல ஆண்டுகள் எடுப்பவர்களில் ஒரு பகுதிக்குச் சிறுநீரக வேலை மெல்லக் குறைகிறது. டயாலிசிஸ் வரை போவது மிகச் சிலர், அதுவும் பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுக்குப் பின். அளவு நச்சாக ஏறும்போது சிறுநீரகத்துக்குச் சேதம் வரக்கூடும். ஆகவே ரத்தப் பரிசோதனைதான் கிட்னியைக் காக்கும் வேலை. தாகம் அதிகம், சிறுநீர் அதிகம் என்றால் தண்ணீரைக் குறைக்கக் கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தைராய்டு குறைந்தால் தைராக்ஸின் சேர்த்துக்கொண்டு லித்தியத்தைத் தொடரலாம்.

நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் 4 வாரத்துக்குக் குறையாமல், முடிந்தால் 3 மாதம் எடுத்து இறக்க வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் மேனியா வரும் ஆபத்து, மருந்தே எடுக்காமல் இருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிடக் கூடுகிறது. பயந்து அன்றைக்கே தூக்கிப் போடுகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

---

இரண்டாம்_ஷிப்ட் எழுதியது:

வீட்டில் என்ன குறிப்பது என்ற கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை.

ஒரு தாளைக் குறுக்காக வைத்து நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மூன்று படி, கீழே மூன்று படி. மேல் 1: சுறுசுறுப்பு கூடியிருக்கிறது, வேலை கெடவில்லை. மேல் 2: மற்றவர்கள் கவனித்துச் சொல்கிறார்கள், செலவும் சண்டையும் தொடங்கியது. மேல் 3: மருத்துவமனை அளவு. கீழேயும் அப்படியே: செய்வதையெல்லாம் செய்கிறார் ஆனால் தள்ளிக்கொண்டு போகிறார், வேலை விடுபடுகிறது, படுக்கையை விட்டு எழவில்லை. தாளின் அடியில் மூன்று வரி: தூங்கிய மணிநேரம், மருந்து, அன்று நடந்த முக்கியமான ஒன்று. பெண்களுக்கு மாதவிடாய் நாளும். இரவு இரண்டு நிமிட வேலை, அதற்கு மேல் நேரம் பிடித்தால் பத்து நாளில் விட்டுவிடுவார்கள்.

கடந்த காலத்தையும் வரையலாம், வரைய வேண்டும். "எப்ப முதல்ல வந்துச்சு?" என்று கேட்டால் தெரியாது. கல்யாணம், பரீட்சை, குழந்தை பிறந்தது, வேலை மாறியது என்று முதலில் ஆணி அடித்துக்கொண்டு, ஒவ்வோர் ஆணிக்கும் முன்னே பின்னே எப்படி இருந்தார் என்று கேளுங்கள். பிறகு எந்த மருந்து எப்போது ஆரம்பித்தது, எப்போது நின்றது என்பதை வேறு மையில். அந்தத் தாளைப் பார்த்த நிமிடத்தில் மருத்துவர் பல வருடச் சீட்டுக்கட்டில் தேடுவது தெரிந்துவிடும்: எந்த மருந்து நின்று எத்தனை வாரத்தில் விழுந்தார், எந்த ஆன்டிடிப்ரஸன்ட் ஆரம்பித்தபின் கோடு மேலே பாய்ந்தது, எந்த மாதங்களில் அடிக்கடி.

இந்தத் தாள் கெட்டுப்போகும் விதம் மூன்று. மோசமான நாளில் மட்டும் குறிப்பது: நல்ல வாரங்கள் பதிவாகாததால் தாள் முழுக்கப் பள்ளமாகத் தெரியும். நோயாளிக்குத் தெரியாமல் வீட்டார் எழுதுவது: கண்டுபிடித்த அன்று நம்பிக்கை போய்விடும். மூன்றாவதுதான் மிகவும் வலிக்கிறது, ஒவ்வொரு சிரிப்பையும் மேனியா என்று எழுதுவது. சந்தோஷத்துக்கு அறிகுறி என்று பெயர் வைத்த வீட்டில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பிரிக்கும் வழி தூக்கம். சந்தோஷமாக இருப்பவர் குறைவாகத் தூங்கினால் மறுநாள் களைப்பார். மேனியா ஏறுகிறவர் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் புத்துணர்ச்சியோடு எழுவார். வழக்கத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் குறைந்து, களைப்பில்லாமல் தொடர்ந்து இரண்டு இரவு போனால் அன்றைக்கே மருத்துவரை அழைப்பது என்று முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். நன்றாக இருக்கும்போது எழுதியதைத்தான் மேனியாவில் இருப்பவர் கொஞ்சமாவது ஏற்பார்.

இதற்குப் பலன் உண்டு என்பதற்குச் சான்றும் உண்டு. 1999இல் பிரிட்டனில் 69 பேரோடு நடந்த சோதனையில், தன் மேனியாவின் முன்னறிகுறிகளை அடையாளம் கண்டு உடனே உதவி தேடப் பழகியவர்களில் கால்வாசிப் பேர் அடுத்த மேனியாவில் விழ 65 வாரம் ஆனது. பழகாதவர்களில் 17 வாரம். மனச்சோர்வைத் தடுப்பதில் பலன் தெரியவில்லை, அது மெல்ல ஊர்ந்து வருவது. தாழ்வாரம், உங்கள் வேலைக்கு நேரடியாகப் பொருந்துவது பார்சிலோனாவில் 120 பேரோடு நடந்த குழுப் பயிற்சி: நோயாளிகள் நன்றாக இருக்கும்போது 21 அமர்வு. இரண்டு வருடத்தில் திரும்ப விழுந்தவர்கள் 67 சதவீதம், பயிற்சி இல்லாத குழுவில் 92. மாதம் ஒரு பேச்சால் அது வராது, தொடர் அமர்வாகத் திட்டமிட முடியுமா பாருங்கள். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு 8 வார மனநிறை தியானம் சார்ந்த சிகிச்சைக் குழுவும் மறுதாக்கத்தைக் குறைக்கிறது.

காலத்தில் மூன்று இடங்களில் கூடுதல் கண் வேண்டும். ஒன்று, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும் அடுத்த மூன்று மாதமும். தற்கொலை ஆபத்து உச்சத்தில் இருப்பது அப்போதுதான், எல்லோரும் மூச்சு விட்டு ஓய்வெடுக்கும் நேரத்தில். வீடு திரும்பி 7 நாளுக்குள் ஒரு சந்திப்பு நிச்சயம் இருக்க வேண்டும். சாவைப் பற்றி நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே அழைத்துப் போங்கள். இரண்டு, பைபோலார் உள்ள பெண்ணின் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் நான்கு வாரம். கர்ப்பத்தில் மருந்தில்லாமல் இருந்தவர்களில் 66 சதவீதம் பேருக்கும், மருந்தில் இருந்தவர்களில் 23 சதவீதம் பேருக்கும் பிரசவத்துக்குப்பின் நோய் திரும்பியதாகத் தொகுப்பாய்வு. கருவுறும் முன்பே திட்டம் போட வேண்டும், இரவில் குழந்தையைப் பார்க்க ஆள் யார் என்பது உட்பட. மூன்று, இரவு ஷிப்ட், நேர மண்டலம் தாண்டும் பயணம், விடிய விடிய விழிக்கும் விசேஷங்கள்.

உடம்பையும் மறக்காதீர்கள். பைபோலார் உள்ளவர்கள் பத்து ஆண்டளவு முன்னதாக இறக்கிறார்கள், அதில் பெரும்பங்கு இதய நோய்க்கு. வருடம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு. எடை கூட்டக்கூடிய ஒலான்ஸாபின், க்யூட்டியாபின் மாத்திரைகள் ஆரம்பித்தால் முதல் மூன்று மாதம் எடையை அடிக்கடி.

---

கிளைநதி எழுதியது:

இரண்டாம்_ஷிப்ட் சொன்ன தாளோடு சேர்த்து ஒன்று. "எப்ப நிறுத்தலாம்?" என்பவர்களிடம் பதில் சொல்லாமல் ஐந்து கேள்வி கேளுங்கள். இது எத்தனையாவது முறை? கடைசி மூன்று மாதத் தாளில் கோடு நடுவிலேயே நிற்கிறதா, சற்றுக் கீழே ஊர்கிறதா? விழுந்த முறைகளில் உயிருக்கு ஆபத்து வந்ததா? எப்போதாவது கோடு மேலே போனதா? அடுத்த ஆறு மாதத்தில் பரீட்சை, பிரசவம், இடமாற்றம் ஏதாவது வருகிறதா?

முதல் முறை, கோடு நடுவில், 9 மாதம் ஆயிற்று, ஆபத்து வந்ததில்லை, மேலே போனதில்லை, வரும் மாதங்கள் அமைதி: மருத்துவரோடு பேசி மெல்லக் குறைக்கலாம். சமீப வருடங்களில் இரண்டு மூன்று முறை விழுந்தவர் என்றால் குறைந்தது 2 ஆண்டு தொடர்ந்துவிட்டு மறுபடி யோசிக்கலாம். கோடு ஒருமுறையாவது மேல் 3க்குப் போயிருந்தால் பேச வேண்டியது எந்த மருந்து, எவ்வளவு குறைந்த டோஸில், எந்தப் பரிசோதனையோடு நீண்டகாலம் என்பதை. "ஆயுசுக்கும்" என்ற சொல்லை முதல் நாளே வைக்காதீர்கள். "அடுத்த இரண்டு வருஷத்துக்குப் பேசுவோம், அப்புறம் இந்தத் தாளை வெச்சுத் திரும்பப் பார்ப்போம்" என்றால் பெரும்பாலோர் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

குறைக்கத் தொடங்கினால் தாளில் அந்தத் தேதியைச் சிவப்பில் வட்டமிடச் சொல்லுங்கள். கடைசி மாத்திரைக்குப்பின் ஆறு மாதம் வரை குறிப்பதை விடக் கூடாது, திரும்புகிறவர்களில் நிறையப் பேருக்கு அது அந்தக் காலத்துக்குள்தான்.